அடுப்படி வாசலில் ஒரு கேரம் போர்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து, "இது உங்க கீழ் வீட்டுக்காரங்க கதைதானே" என்று கேட்டு என்னை அசடு வழிய வைக்க வேண்டாம். ஆமாம், கீழ் வீட்டுக்காரர்கள் கதைதான். பெயரை மாற்றியிருக்கிறேன். முகத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கேரம் போர்டை மட்டும் மாற்றவில்லை.

கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பும் சந்து ஒன்றில் எங்கள் ஃபிளாட். நாங்கள் மாடி, அவர்கள் கீழே. கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்த டப்பா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. பொங்கலன்று அதில் சர்க்கரைப் பொங்கலை நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. அடுப்படி வாசலில் குறுக்கே ஒரு கேரம் போர்டு நின்றுகொண்டிருந்தது.

படுத்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. நைலான் கயிற்றால் இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடையில் நிற்பவனைப் போலப் பொறுமையாக நின்றிருந்தான். உள்ளே அவன் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பையன் போர்டின் மூலையிலிருந்த ஓட்டைக்குள் கையை விட்டான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு தோசை அவன் கைக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"தாண்டி வந்துடுங்க அக்கா, பரவால்ல" என்றாள்.

புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன். கூடத்துப் பக்கம் முழுக்க கிரேயான் கிறுக்கல். அடுப்படிப் பக்கம்தான் ஆடும் பக்கம். அதில் ஒரு கீறல் இல்லை. கை வைத்தால் வழுக்கும் போலிருந்தது.

"எண்ணெய் தெறிக்காதா?"

"தெறிக்கும். தெனமும் தொடச்சுடுவேன்."

"ஆடுவீங்களா?"

"ஆடினேன். ஸ்டேட் வரைக்கும்." தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அதெல்லாம் ஒரு காலம் என்று அடுத்ததாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "முந்திரி நெறைய போட்டிருக்கீங்க" என்றாள்.

மாடிக்கு வந்ததும் விஜயராகவனிடம், "எனக்கு ஒரு கதை கிடைச்சுடுத்து" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். சனிக்கிழமை எழுது" என்றான்.

[விஜயராகவன் என் கணவன். வீட்டில் அவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன், அதனால் இங்கேயும் 'அவன்' என்று எழுதுகிறேன். என் மாமியார் இதைப் படித்தால் எல்லா இடத்திலும் 'அவர்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.]

2

சனிக்கிழமை என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் விஜயராகவன் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்குப் பறவை பார்க்கப் போய்விடுவான். அன்று மத்தியானம் என்னுடையது. நான் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். எங்கள் மூன்று வயதுப் பெண் அவன் பொறுப்பு. விதி ஒன்றே ஒன்று. ரத்தம் வந்தாலொழியக் கூப்பிடக் கூடாது.

ஆக, அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"ஜொவிட்டா ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி, தான் தொலைத்துவிட்ட

அடித்துவிட்டேன். அவர்கள் ஜன்னலில் தெரிவது பக்கத்து பில்டிங்கின் தண்ணீர் டேங்க். கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுமளவுக்கு நேரம் கிடைத்தால் ஜொவிட்டா அந்த நேரத்தில் தூங்குவாள். நானும்தான்.

இரண்டாவது:

"ஒரு காலத்தில் எதிராளிகளை நடுங்க வைத்த அந்த விரல்கள், இன்று பால் பாட்டிலை

சீ. இது இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. ஆள் கீழ் வீட்டில் உயிரோடு தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. அதனால் அதையே வைத்துக்கொண்டேன்.

3

புதன்கிழமை சாயங்காலம் ஜொவிட்டாவுடையது. வியாழக்கிழமை சாயங்காலம் கிளிஃபர்டுடையது.

இரண்டாவது குழந்தை பிறந்து, வீட்டில் யாரும் யாருடனும் முழு வாக்கியம் பேச முடியாமல் போன பிறகு செய்துகொண்ட ஏற்பாடு இது. கிளிஃபர்ட் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஜொவிட்டா ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். மூத்தவள் சான்ட்ராவுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. இளையவன் ஆண்ட்ரூ, தோசை வாங்கியவன்.

கிளிஃபர்டுக்கு வியாழக்கிழமையை என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. பழைய நண்பர்களோடு கால்பந்து ஆடப் போவான், முழங்காலில் மண்ணோடும் முகத்தில் சிரிப்போடும் வருவான். ஜொவிட்டாவுக்குத்தான் புதன்கிழமையை எப்படிச் செலவழிப்பதென்று தெரியவில்லை. முதல் புதன் தி. நகர் போய் சான்ட்ராவுக்கு ஷூ வாங்கி வந்தாள். அடுத்த புதன் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தாள். அதற்கடுத்த புதன் டயப்பர் தள்ளுபடியில் கிடைத்தது.

"ஜோ, இது உன் டைம். இதுல எதுக்கு டயப்பர் வாங்கற?" என்றான் கிளிஃபர்ட்.

"வேற எப்ப வாங்கறது?" என்றாள்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி அவளைக் குடைந்தது. மறு புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, தி. நகர் பஸ்ஸில் ஏறாமல், சிந்தாதிரிப்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

அங்கே ஒரு சைக்கிள் பார்ட்ஸ் கடைக்கு மேலே வலியுல்லா பாயின் கேரம் கிளப் இருக்கிறது. நாலு போர்டு, போர்டுக்கு மேலே தொங்கும் விளக்கு, தரை முழுக்க போரிக் பவுடர். ஸ்கூல் யூனிஃபார்மில் ஆட வந்த காலத்திலிருந்து பாயை அவளுக்குத் தெரியும்.

"வாம்மா. இன்னா, ஆளையே காணோம்?" என்றார், போன வாரம் பார்த்த மாதிரி.

"ரெண்டு பசங்க பாய்."

"அட, பசங்க யாருக்குத்தான் இல்ல? குந்து."

உட்கார்ந்தாள். ஆடினாள். கண்ணுக்குத் தெரிந்த கோணம் விரலுக்குத் தெரியவில்லை. ஸ்ட்ரைக்கர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. போனை போர்டு விளிம்பிலேயே, திரை மேலே தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். கீழே தெருவில் யார் வீட்டுக் குழந்தையோ அழுதது. அவள் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது.

"போனைக் கவுத்து வை" என்றார் பாய்.

கவிழ்த்து வைத்தாள். ஒரு ஷாட் அடித்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தாள்.

"உன் காது வூட்டாண்டயே கீது. கைய மட்டும் இங்க அனுப்சிகினு ஆடுனா காய் எப்டிம்மா வுழும்?"

ஜொவிட்டாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். குழந்தை பிறந்ததிலிருந்து அந்தக் காது அவளுடையதாக இல்லை. ஆண்ட்ரூவின் அழுகையில் பசி எது, தூக்கம் எது, பிடிவாதம் எது, விழுந்தது எது என்று மூன்று அறைக்கு அப்பாலிருந்து சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருப்பாள். மாதா கோயிலில் செபமாலை உருட்டும்போதும் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்க எதுவும் இல்லாத நேரத்தில்கூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு போர்டு, அந்தக் காதை அணைத்துவிட்டு ஆட வேண்டும் என்று அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குத் தோன்றியது. இந்தக் கதையில் அவள் கேட்பது அது ஒன்றுதான். கோப்பை எல்லாம் அப்புறம்.

4

இந்த இடத்தில் முதல் பிரதியை விஜயராகவனிடம் படிக்கக் கொடுத்தேன். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு படித்தான். எங்கள் பெண் அவன் வயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த கிளிஃபர்டை எதுக்கு வில்லனாப் பண்ணியிருக்கே?"

"எங்க பண்ணினேன்? அவன் டயப்பர் மாத்தறான்னு எழுதியிருக்கேனே."

"மாத்தறான். ஆனா மூணு இடத்துல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுண்டு பேசறான். கதையில கெட்டவாதான் கண்ணாடியைத் துடைச்சுண்டு பேசுவா."

பார்த்தேன். மூன்று இடத்தில் துடைத்திருந்தான். கீழ் வீட்டுக்காரர் கண்ணாடியே போடுவதில்லை. எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டிருக்கிறான், அதனால் ஒரு நல்ல மனிதருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறேன். மூன்றையும் அடித்தேன்.

ஆனால் ஒன்றை அடிக்க முடியவில்லை. கிளிஃபர்டுக்கு வியாழக்கிழமை மட்டும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்கள் வட்டாரத்துப் பங்குக் கோயில் பாடற்குழுவில் அவன்தான் கீபோர்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ராக்டீஸ். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பூசை. அது யாருடைய நேரம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கால்பந்து விளையாட்டு, கேரம் விளையாட்டு, கோயில் வேலை மட்டும் கோயில் வேலை. கிளிஃபர்ட் இதைத் தந்திரமாகச் செய்யவில்லை. அவனுக்கே அது தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பின் வராந்தாவில் ஆண்ட்ரூவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி பூசை பார்ப்பது ஜொவிட்டாவுக்கும் பழகிவிட்டது.

"இது சரியா இருக்கு" என்றான் விஜயராகவன். பிறகு தாளைத் திருப்பிக்கொண்டே, "முகத்துவாரத்துக்குப் போறதை ஹெல்த்துக்கு வாக்கிங்னு சொல்லிண்டிருந்தேனே, அந்த மாதிரி" என்றான்.

"நான் சொல்லலை" என்றேன்.

5

[இந்தப் பகுதியை எழுதவில்லை. எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல். அந்தச் சனிக்கிழமை போயிற்று. அடுத்த சனிக்கிழமை நான் தூங்கிவிட்டேன். அதற்கும் அடுத்த வாரம் உட்கார்ந்தபோது ஜொவிட்டாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. கீழே போய்க் கறிவேப்பிலை கேட்டு, பேச்சுக் கொடுத்து, கேட்டுக்கொண்டு வந்தேன்.]

6

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள் வலியுல்லா பாய் வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். பெண்களுக்கான மாவட்டத் தேர்வுப் போட்டி. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. அது குருத்தோலைப் பவனி போகிற குருத்து ஞாயிறு என்று பாய்க்கு எப்படித் தெரியும்?

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜொவிட்டா கேட்டாள். ஆண்ட்ரூ கிளிஃபர்டின் மடியில் இருந்தான்.

"அன்னைக்குக் காலைல பசங்கள நீ பாத்துக்கணும் கிளிஃப்."

"குருத்து ஞாயிறு ஜோ. ரெண்டு பூசை. பவனி வேற. கீபோர்டுக்கு வேற ஆள் கிடையாது, உனக்கே தெரியும்."

"தெரியும். அதான் முன்னாடியே கேக்கறேன்."

"வேற எந்த நாள் வேணும்னாலும் கேளு."

"வேற எந்த நாளும் போட்டி இல்ல."

அவன் ஆண்ட்ரூவின் வாயில் சோற்றை வைத்தான். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை ப்ராக்டீஸ், ஞாயித்துக்கிழமை பூசை. அது யாரோட டைம்?"

"அது கோயிலுக்கு."

"பிடிக்காமயா போற?"

இங்கே கிளிஃபர்ட் கோபப்பட்டு எழுந்து போனான் என்று எழுதினால் கதைக்கு வசதி. ஒரு பக்கம் தாராளமாக ஓடும். ஆனால் அவன் எழுந்து போகவில்லை. கீழ் வீட்டுக்காரி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பிடிச்சுதான் போறேன்" என்றான். "சத்தியமா சொல்றேன், கால்பந்தை விட அதான் பிடிக்கும். வாரம் பூரா ஸ்கூல்ல கத்தல், வீட்ல கத்தல். அங்க கோயில் மாடி ஏறி உக்காந்தா, நான் கை வெச்சாதான் பாட்டே ஆரம்பிக்கும். அதுக்காகத்தான் போறேன். கடவுளுக்காகன்னு சொல்லிக்கறேன்."

அவள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை.

"எனக்கும் அதேதான்" என்றாள். "ஸ்ட்ரைக்கர்ல கை வெச்சா என்னை யாரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் வேணும்."

ஆண்ட்ரூ ரசத்தைக் கவிழ்த்தான். இருவரும் துணி தேடி எழுந்தார்கள். எதுவும் முடிவாகவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஜொவிட்டா பாய்க்குச் செய்தி அனுப்பினாள்: இந்தத் தடவை வேணாம் பாய், வீட்ல முடியாது. கிளிஃபர்டிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. சொல்ல உட்கார்ந்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

7

இனி வருவதுதான் இந்தக் கதையின் அசட்டுத்தனமான பகுதி. விஜயராகவன் இதை எடுத்துவிடச் சொன்னான். "யாரும் நம்பமாட்டா" என்றான். "நிஜமா நடந்தது" என்றேன். "நிஜமா நடந்தா என்ன, நம்பமாட்டா" என்றான். அதனால் நீங்கள் நம்பவில்லையென்றால் எனக்கு வருத்தமில்லை.

பங்குக் கோயில்களில் பூசைக்குக் கருத்து கொடுக்கிற வழக்கம் உண்டு. இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற, நோய் தீர, கல்யாணம் கூடிவர, இன்ன காரணத்துக்காக இந்தப் பூசை என்று கோயில் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டால், பூசை ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக்கில் வாசிப்பார்கள். அந்தச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சுக்குப் பிறகு கிளிஃபர்டுக்கு மனசு கேட்கவில்லை. கீபோர்டை விட்டு எழுந்திருக்கவும் மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கீபோர்டுக்காரனுக்கு என்ன தோன்றுமோ அதைச் செய்தான்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு. ஜொவிட்டா வழக்கம்போல் பின் வராந்தாவில், ஆண்ட்ரூ தோளில். மைக்கில் கோயில் ஆபீஸ் ஹென்றி அண்ணனின் நிதானமான குரல். காலமான ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒரு அம்மாளின் முழங்கால் வலி குணமாக. ஒரு பையனுக்கு கனடா விசா கிடைக்க. "திருமதி ஜொவிட்டா கிளிஃபர்ட், வருகிற ஞாயிறு நடைபெறும் கேரம் போட்டியில் வெற்றி பெற."

ஹென்றி அண்ணனே ஒரு நொடி நிறுத்தி, தாளை மறுபடி பார்த்துவிட்டு, மேலே வாசித்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜொவிட்டாவுக்குக் காது மடல் வரை சூடாகிவிட்டது. பெயரே கொடுக்காத போட்டிக்கு ஒரு கோயிலே செபித்துக்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும் வாசலில் சூழ்ந்துகொண்டார்கள். கிளிஃபர்டின் அம்மா ஆனிதான் முதலில் வந்தார்.

"கேரமா? நெஜமாவா? அப்ப பசங்கள யாரு பாத்துப்பா?"

ஜொவிட்டா கிளிஃபர்டைப் பார்த்தாள். அவன் மாடிப்படி இறங்கி அப்போதுதான் வந்திருந்தான்.

"நான் பாத்துக்கறேன் மம்மி" என்றான். "முதல் பூசை வாசிச்சுட்டு... ரெண்டாவது பூசைக்குத்தான் என்ன பண்றதுன்னு..."

"ரெண்டாவது பூசைக்கு நான் வாசிக்கறேன் சார்" என்றாள் பின்னாலிருந்த பொன்மணி. பாடற்குழுவில் கடைசி வரிசையில் நிற்கிற கல்லூரிப் பெண். "கத்துக்கினு ஒரு வருஷம் ஆவுது சார். நீங்க எழுந்திரிச்சாதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளிஃபர்டும் சிரித்தான். ஆனால் ஜொவிட்டா அவன் முகத்தைப் பார்த்தாள். வேறு ஆளே கிடையாது என்று அவன் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்த நாற்காலிக்கு ஒரு நிமிஷத்தில் ஆள் வந்துவிட்டது. குழந்தையின் கையிலிருந்து எதையோ வாங்கிக்கொண்டது போல இருந்தது அவன் முகம். மைக்கில் பெயர் வந்ததற்காக அவனை வீட்டுக்குப் போய் ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று இருந்தவள், ஸ்கூட்டரில் போகும்போது அவன் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"பேரே குடுக்கல, தெரியுமா?" என்றாள்.

ஸ்கூட்டர் ஓரமாக நின்றது. முன்னால் நின்றிருந்த சான்ட்ரா, "ஏன் டாடி நிறுத்தின?" என்றாள்.

"குடுக்கலயா?"

"வேணாம்னு பாய்க்கு மெசேஜ் அனுப்பிட்டேன்."

"இப்பவே போன் போடு. சாமிக்கிட்ட வேற சொல்லியாச்சு" என்றான்.

பாய் போனில் சலித்துக்கொண்டார். "வேணான்றே, வேணுன்றே. கடைசி தேதி பூட்ச்சும்மா. கேட்டுப் பாக்கறேன்." சாயங்காலம், சரி என்று ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

8

குருத்து ஞாயிறு. கிளிஃபர்ட் முதல் பூசை வாசித்தான். பிறகு பிள்ளைகளையும் இரண்டு குருத்தோலைகளையும் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் சிந்தாதிரிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது, ஜொவிட்டா அரையிறுதியில் இருந்தாள். முதல் ஆட்டத்தில் இரண்டு தடவை ஸ்ட்ரைக்கரே ஓட்டைக்குள் விழுந்ததாம். இரண்டாவதில் அது நின்றுவிட்டதாம். அதற்கு மேல் அவளுக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்று சொல்லும்போது கீழ் வீட்டுக்காரியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷம்.

கிளிஃபர்ட் உள்ளே வரவில்லை. கண்ணில் பட்டால் ஆண்ட்ரூ அம்மாவிடம் தாவுவான் என்று, பிள்ளைகளை வெளி வராந்தாவிலேயே வைத்துக்கொண்டான். சான்ட்ரா குருத்தோலையை வாளாக்கிக்கொண்டாள்.

உள்ளே அரையிறுதியின் கடைசி போர்டு, கடைசிச் சுற்று. எதிரில் தங்கம் என்ற பெண், ஜொவிட்டாவை விடப் பத்து வயது சின்னவள், கண்ணிமைக்காமல் ஆடுகிறவள். தங்கத்துக்கு ஒரு கறுப்பு மிச்சம். ஜொவிட்டாவுக்கு ஒரு வெள்ளை, நடுவில் ரெட். கேரம் ஆடாதவர்களுக்காக ஒரு வரி: ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே உங்கள் காய் ஒன்றைப் போட வேண்டும். அதற்கு ஃபாலோ என்று பெயர். ஃபாலோ விழாவிட்டால் ரெட் எழுந்து நடுவுக்கே வந்துவிடும்.

ஜொவிட்டா ரெட்டைப் போட்டாள்.

வெள்ளைக்காய் எதிர்ப்பக்க மூலைக்குச் சற்று முன்னால், விளிம்பை ஒட்டிக் கிடந்தது. மெலிசாகத் தொட வேண்டும். ஸ்ட்ரைக்கரைக் கோட்டின் மேல் வைத்தாள். விரலை வளைத்தாள்.

வராந்தாவில் ஆண்ட்ரூ அழுதான்.

பசி இல்லை, தூக்கம் இல்லை, பிடிவாதம் இல்லை. விழுந்த அழுகை. அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர அந்த மண்டபத்தில் யாருக்கும் அது தெரியாது. கிளிஃபர்ட் அங்கே இருக்கிறான். அவன் அவளைக் கூப்பிடவில்லை.

9

முடிவுகள்.

அ. அவள் ஸ்ட்ரைக்கரை விட்டுவிட்டு ஓடினாள். [எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாய் என்றால் இப்படித்தான் என்பார்கள். அவர்களுக்கு இதைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.]

ஆ. அவள் அடித்தாள். ஃபாலோ விழுந்தது. கோப்பையோடு வெளியே வந்தபோது ஆண்ட்ரூ சிரித்துக்கொண்டிருந்தான். [வெண்ணெய் தடவிய முடிவு. அதுவுமில்லாமல் இது அரையிறுதி, அரையிறுதிக்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை.]

இ. அவள் அடித்தாள். விழவில்லை. ரெட் நடுவுக்குத் திரும்பியது. ஆனாலும் அவள் மனம் நிறைந்து [இந்த 'ஆனாலும் மனம் நிறைந்து' என்பதை எந்தப் பெண்ணும் தோற்ற அன்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.]

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மாடிப்படியில் வைத்துக் கேட்டேன், சொன்னாள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் இருக்கிறது. எட்டாம் பகுதியை விஜயராகவனுக்குப் படித்துக் காட்டியபோது, "குழந்தைக்கு என்னாச்சு?" என்றான். வலியுல்லா பாய் மாதிரி ஒருவர் படித்தால், "ஃபாலோ வுழுந்துச்சா?" என்பார். ஆனி அம்மா, "அவன் எங்க போனான், கிளிஃபர்ட்?" என்பார். ஒவ்வொருவரும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நீங்களும் இதற்குள் மனதில் ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். எதை முதலில் கேட்டீர்களோ அதுதான் உங்கள் முடிவு. அதில் நான் கை வைக்கப் போவதில்லை.

[அடுப்படி வாசலில் இப்போது போர்டு இல்லை. கிளிஃபர்ட் ஆசாரியைக் கூட்டி வந்து ஒரு குட்டைக் கதவு போட்டுவிட்டான். ஆண்ட்ரூ அதில் ஓட்டையைத் தேடுகிறான். பொன்மணி மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டாவது பூசைக்கு வாசிக்கிறாள். அன்று கிளிஃபர்ட் பின் வராந்தாவில் ஆண்ட்ரூவோடு நடந்தபடி, அவள் எங்கெங்கே அவசரப்படுகிறாள் என்று கவனித்துக்கொண்டிருக்கிறான். இதெல்லாம் முடிவு அல்ல, செய்தி.]

10

இன்று சனிக்கிழமை. கதவு சாத்தியிருக்கிறது. கூடத்தில் எங்கள் பெண் அழுகிறாள்.

சோபாவிலிருந்து விழுந்திருக்கிறாள். சத்தம் கேட்டது, பிறகு அந்த ஒரு நொடி மௌனம், பிறகு அழுகை. விஜயராகவன் ஏதோ சொல்கிறான். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம். ஐஸ் எடுக்கிறான். அழுகை குறையவில்லை. "அம்மா" என்கிறாள். அவன் என்னைக் கூப்பிடவில்லை. ரத்தம் வந்திருந்தால் கூப்பிட்டிருப்பான்.

என் காது கதவுக்கு வெளியே இருக்கிறது, ஒளிப்பானேன். கால் கூடப் பாதி எழுந்துவிட்டது. கீழ் வீட்டில் யாரோ புதுக் கதவைத் தள்ளி உலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜொவிட்டாவின் ஸ்ட்ரைக்கர் கோட்டின் மேல் இருக்கிறது, விரல் வளைந்திருக்கிறது, வெள்ளைக்காய் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த அடியை உங்களிடம் விட்டுவிட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது இந்த ஒரு வாக்கியம், இதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.